வெள்ளைச் சுவரில் என் பேர் இல்லை

சாயல்குடி முக்கில் இருக்கும் கண்ணாடிக் கடை நான் போட்டது. அதற்குப் பின்னால் உள்ள குடோன் நான் கட்டியது. மேலே இருக்கும் மாடி வீடும் நான் கட்டியதுதான். அந்தப் படிக்கட்டில் இப்போது என்னால் ஏற முடியவில்லை என்பது வேறு விஷயம். ராமநாதபுரம் போகும் பஸ்ஸில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் பாருங்கள். நகைக்கடை முகப்பு, சலூன் கண்ணாடி, மிட்டாய்க்கடை அலமாரி, பாதிக்குப் பாதி என் கை பட்டதாகத்தான் இருக்கும்.

அபிராமத்துக்குப் பக்கத்தில், அடுத்தவர் புஞ்சையில் மிளகாய்ப் பழம் பறித்த குடும்பத்தில் பிறந்தவன் நான். பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு முடிந்தது. உடைகிற பொருளை வைத்து எவன் பிழைத்தான் என்று எங்க அய்யாவே கேட்டார். மதுரையில் கண்ணாடித் தகடு வாங்கி, வைக்கோல் சுற்றி, பஸ் கூரையில் ஏற்றி, அதைப் பிடித்துக்கொண்டு நானும் கூரையிலேயே உட்கார்ந்து வந்தேன். ஒவ்வொரு பள்ளத்துக்கும் என் நெஞ்சுதான் உடைந்தது, கண்ணாடி உடையவில்லை. கை கொடுக்க ஆள் இல்லை. வழி சொல்லவும் ஆள் இல்லை. எல்லாம் நானே பார்த்து, நானே அறுபட்டுக் கற்றுக்கொண்டது.

சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது. கேட்கிறவர்களுக்கு அதற்கு முன்பே அலுத்துவிட்டது. கடையில் இப்போது மகன் உட்கார்ந்திருக்கிறான். தகட்டைத் தூக்க ரப்பர் பிடி வந்துவிட்டது, கையில் ரத்தம் பார்க்காமல் தொழில் நடக்கிறது. நான் கடை வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் மத்தியானம் வரை இருப்பேன். பிறகு கீழ் அறையில் போய்ப் படுப்பேன். போன வருஷம் புரை எடுத்து இரண்டு கண்ணிலும் லென்ஸ் வைத்தார்கள். ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டினவருக்கு இப்போது கண்ணுக்குள்ளேயே மாட்டியாச்சு என்று என் வீட்டுக்காரி வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். வெயிலில் இறங்கினால் கறுப்புக் கண்ணாடி போட்டாக வேண்டும்.

இப்படிக் கிடந்தவனைத்தான் ஒரு பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியை போனில் கூப்பிட்டார்.

சாயல்குடியிலிருந்து கடலைப் பார்த்துப் போனால், உப்பளங்களுக்கு நடுவில் ஒரு சின்ன ஊர். அங்கே ஓட்டுக் கட்டடத்தில் ஒரு தொடக்கப் பள்ளி. ஒன்றாம் வகுப்பும் இரண்டாம் வகுப்பும் ஒரே அறை. கிழக்கே தாழ்ந்து இறங்கிய வராண்டா, மேற்கே ஜன்னல்கள். அந்த ஜன்னல்களுக்கு எதிரே, ஒரு வண்டி நுழையும் இடம் மட்டும் விட்டு, புயலுக்கு ஒதுங்கும் கட்டடம் ஒன்றை உயரமாக எழுப்பிவிட்டார்கள். நல்ல காரியம்தான். ஆனால் அதன் சிமெண்டுச் சுவர் உப்புக் காற்றில் கறுத்துப்போய் ஜன்னலை அடைத்தது மாதிரி நின்றது. அறையில் இருந்த டியூப்லைட்டையும் அதே காற்று தின்றுவிட்டது. மாட்ட மாட்டப் போய்விடும்.

ஆய்வுக்கு வந்த அதிகாரி, பட்டப்பகலில் பிள்ளைகள் புத்தகத்தை மூக்கில் ஒட்டவைத்துப் படிப்பதைப் பார்த்திருக்கிறார். திரும்பி வரும்போதும் அறை இப்படியே இருந்தால், சின்ன வகுப்பு இரண்டையும் ரோட்டுக்கு அந்தப் பக்கத்துப் பள்ளியோடு சேர்த்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனாராம். அந்த ரோடு கிழக்குக் கடற்கரைச் சாலை. உப்பு லாரியும் ராமேஸ்வரம் வேனும் யாருக்காகவும் நிற்காத ரோடு. தாய்மார்கள் விடியுமுன்னே உப்பு வாரப் போய்விடுகிறவர்கள்.

“கொண்டுபோய் விட ஆள் கிடையாது, அண்ணாச்சி. வீட்டுலயே நிறுத்திப்புடுவாக,” என்றார் அந்த டீச்சர் போனில்.

நின்றுபோவது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். அதனால்தான் அலுப்பைப் பார்க்காமல் கிளம்பினேன்.

அவர் போனில் கேட்டது இவ்வளவுதான்: ஒரு பெரிய கண்ணாடி வேண்டும், அறைக்குள் வெளிச்சம் வர வேண்டும். நான் ஜன்னல் அளவைக் கேட்டேன், சொன்னார்; எதிரே சுவர் நிற்பது அப்போது எனக்குத் தெரியாது. ஜன்னலில் பலகைக் கதவு இருக்கும், காற்றுக்குப் பயந்து சாத்தி வைத்திருப்பார்கள், கண்ணாடி போட்டால் வெளிச்சம் வரும் என்று கணக்குப் போட்டு, மறுபக்கம் தெரிகிற கனமான வெள்ளைத் தகடாகப் பார்த்து நானே வெட்டினேன். மகனின் சுமை ஆட்டோவில் நிறுத்திக் கட்டி, பக்கத்தில் நானும் ஏறிக்கொண்டேன்.

பள்ளி வாசலில் டீச்சர் வந்து பார்த்தார். தகட்டுக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான்.

“இது என்ன அண்ணாச்சி?”

“கண்ணாடி.”

“நான் கேட்டது மூஞ்சி பாக்குற கண்ணாடி.”

“கண்ணாடின்னுதான சொன்னீக?”

“அதுவும் கண்ணாடிதான?”

ஜன்னலில் போடுவதும் கண்ணாடி, முகம் பார்ப்பதும் கண்ணாடி, மூக்கில் மாட்டுவதும் கண்ணாடி. என் தொழிலில் இது தெரிந்த தொல்லை. எந்தக் கண்ணாடி என்று கேட்காமல் நான் அளவு நாடாவைத் தொட்டதே கிடையாது. படித்தவர் கேட்கிறார், சரியாகத்தான் கேட்பார் என்று அன்றைக்கு இருந்துவிட்டேன். தப்பு யாருடையது என்பதைப் படிக்கிறவர்களே முடிவு செய்துகொள்ளட்டும்.

இறக்கி வராண்டாச் சுவரில் சாய்த்து வைத்தோம். பிள்ளைகள் வந்து சூழ்ந்துகொண்டார்கள். முன்பல் இரண்டும் விழுந்த ஒரு சிறுமி முதலில் கண்டுபிடித்தாள்.

“தாத்தா, இதுலயும் மூஞ்சி தெரியுது.”

தெரியத்தான் செய்யும். பின்னால் இருந்தது இருட்டுச் சுவர். தகட்டைத் திருப்பி, அதற்குப் பின்னால் உப்பளமும் வெயிலும் வருகிற மாதிரிப் பிடித்தேன். முகம் போய்விட்டது. எங்கே போயிற்று என்று அவள் தகட்டுக்குப் பின்னால் போய்த் தேடினாள்.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். வெயில் உன் முகத்தில் பட்டு, அங்கிருந்து கிளம்பி இந்தத் தகட்டுக்கு வருகிறது. வந்ததில் பெரும்பங்கு உள்ளே புகுந்து அந்தப் பக்கம் போய்விடும். கொஞ்சம் மட்டும் உன்னிடமே திரும்பி வரும். அந்தக் கொஞ்சம்தான் உன் முகம். பின்னால் இருட்டாக இருந்தால் அது தெரியும். பின்னாலிருந்து வெயில் நிறைய வந்தால், அந்த நிறையில் இந்தக் கொஞ்சம் அமுங்கிப்போகும். முகம் பார்க்கிற கண்ணாடிக்கு முதுகில் வெள்ளிப் பூச்சு உண்டு; அது எதையும் தாண்டிப் போக விடாது, அப்படியே திருப்பி அனுப்பிவிடும். கேரம் காய் பலகை ஓரத்தில் மோதித் திரும்புகிற மாதிரி. நேராகப் போனால் நேராக வரும், சாய்ந்து போனால் அந்தப் பக்கம் அதே சாய்வில் போகும். ஆட்டோவின் பக்கக் கண்ணாடியைக் கழற்றி வெயிலைத் திருப்பிக் காட்டினேன். ஓட்டின் மேல் ஒரு வெளிச்ச வட்டம் ஓடியது. பிள்ளைகள் அதைப் பிடிக்கக் குதித்தார்கள்.

டீச்சரின் யோசனையும் அதுதான். பள்ளி ஓடு தாழ்வு, எதிர்ச்சுவர் உயரம். காலை வெயில் ஓட்டைத் தாண்டி அந்தச் சுவரின் மேல்பாதியில் விழுகிறது. அங்கே ஒரு பெரிய கண்ணாடியைச் சாய்த்து மாட்டினால் வெயில் ஜன்னல் வழியாக உள்ளே வரும். யோசனை அவருடையதுதான், இல்லை என்று நான் சொல்லவில்லை.

கடையில் இருந்ததிலேயே பெரிய கண்ணாடியை எடுத்தேன். சும்மா கொடுப்பதை யார் கொடுத்தது என்று தெரிய வேண்டாமா? கண்ணாடி மேலேயே சாண் உயரச் சிவப்பு எழுத்தில், ‘உபயம்’ என்று போட்டு என் பேரை எழுதச் சொன்னேன்.

“பேரு எழுதலைன்னா வெளிச்சம் உள்ள போக மாட்டேன்னுருமோ?” என்றாள் வீட்டுக்காரி.

கோயிலுக்குக் கொடுக்கிற டியூப்லைட்டிலேயே எழுதுகிறார்கள், இதில் எழுதினால் என்ன என்று அவள் வாயை அடைத்தேன்.

மாட்டிய காலையில் வெயில் சொன்னபடி திரும்பியது. ஜன்னல் வழியாகப் பாய்ந்து, கரும்பலகைக்கு மேலே சுவரில் பாய் விரித்த அளவுக்கு விழுந்தது. அதற்கு நடுவே என் பேர் நிழலாக நின்றது, கொஞ்சம் மங்கலாக. மூன்றாம் வகுப்போடு வெளியே வந்தவன் பேர் ஒரு வகுப்பறைச் சுவரில், சூரியன் எழுதினது மாதிரி.

“டீச்சர், எழுத்தெல்லாம் பின்னால திரும்பி நிக்கிது,” என்றாள் அந்தப் பல் விழுந்தவள்.

அவள் சொன்னது சரி. கடைசி எழுத்து முதலில் இருந்தது. கண்ணாடியைப் பார்த்து நின்றால் வலது கைப் பக்கம் இருப்பது, சுவரைப் பார்க்கத் திரும்பினால் இடது கைப் பக்கம் வந்துவிடும் அல்லவா? டீச்சர் ஒவ்வொரு பிள்ளையையும் நிறுத்தித் திருப்பி அதைப் புரியவைத்தார். என் பேர் அவர்களுக்குப் பாடமாயிற்று, தலைகீழாக இல்லாவிட்டாலும் முன்பின்னாக.

சந்தோஷம் அதோடு சரி. வெயில் ஏற ஏறச் சுவரில் கிடந்த பாய் கீழே இறங்கியது. முதலில் கரும்பலகையில் விழுந்து எழுத்தை மறைத்தது, பிறகு பிள்ளைகள் மேலேயே விழுந்தது. அந்தச் சிறுமி இரண்டு கையாலும் கண்ணை மூடிக்கொண்டாள். வெளிச்சம் விழுந்த இடம் அனல், விழாத மூலையெல்லாம் முன்னைவிட இருட்டு.

“இது வெளிச்சம் இல்ல அண்ணாச்சி, வெட்டு,” என்றார் டீச்சர்.

இடைவேளைக்குள் அது ஜன்னலடிக்கு நகர்ந்து, அங்கிருந்தும் வெளியே போய்விட்டது. சூரியன் ஓர் இடத்தில் நின்றால்தானே கண்ணாடியும் ஓர் இடத்தில் நிற்கலாம்? யாராவது நின்று திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். நான் நிற்கிறேன் என்றேன். மறுநாள் காலை முழுக்க ஏணிக்குப் பக்கத்தில் நின்று, கயிறு கட்டி இழுத்து இழுத்துத் திருப்பினேன். கால் முட்டி இரண்டும் வீங்கிவிட்டன. அறை இருட்டு அப்படியேதான் இருந்தது.

சுவரடியிலேயே உட்கார்ந்துவிட்டேன். எதிரே உப்புக் குவியல்கள். வேர்வையைத் துடைக்கக் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினேன், கண்ணில் ஊசி குத்தியது மாதிரி இருந்தது. அந்தச் சிறுமி அதை வாங்கித் தன் மூக்கில் மாட்டிக்கொண்டாள். எல்லாம் ராத்திரியாகிவிட்டது என்றாள். கறுப்பு அப்படித்தான், வருகிற வெளிச்சத்தைத் தின்றுவிடும், திருப்பித் தராது, இந்தச் சுவரும் அதைத்தான் செய்கிறது என்றேன். பிறகு உப்பைப் பார்த்து, யாரிடமும் சொல்லாமல் எனக்கே சொல்லிக்கொண்டேன்.

“கண்ணாடின்னா, ரெண்டடி நகந்து உக்காந்தா கூச்சம் விட்டுரும். இந்த உப்பு எங்கன உக்காந்தாலும் கூசுது.”

“அப்ப உப்புல ஏன் தாத்தா மூஞ்சி தெரிய மாட்டேங்குது?” என்றாள்.

கறுப்புக் கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டு கிளம்பினேன். வீட்டுக்கு வந்து படுத்தும் அதே கேள்வி.

காலையில் கடையில் ஆள் ஒரு தகட்டின் ஓரத்தைச் சாணைச் சக்கரத்தில் தேய்த்துக்கொண்டிருந்தான். சக்கரத்துக்கு அடியில் வெள்ளை மாவு குவிந்துகிடந்தது. ஆயுசு முழுக்க என் கையிலும் மீசையிலும் படிந்த மாவு. கண்ணாடிக்கு நிறம் இல்லை, அதன் மாவுக்கு மட்டும் வெள்ளை எங்கிருந்து வந்தது என்று நான் ஒருநாளும் கேட்டுக்கொண்டதில்லை. அன்றைக்குக் கேட்டுக்கொண்டேன். மாவை ஓர் ஊறுகாய் பாட்டிலில் போட்டு, பிள்ளைகள் திறக்க முடியாதபடி மூடியை ஒட்டி எடுத்துப் போனேன்.

பாட்டிலைக் காட்டி, இதுவும் கண்ணாடிதான் என்றேன். நம்பவில்லை. உப்பு என்றார்கள், கோலமாவு என்றார்கள். கண்ணாடிதான், ஆனால் கணக்கில்லாத துண்டுகள். ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு பக்கம் பார்த்துக் கிடக்கிறது. வருகிற வெயிலை இது இந்தப் பக்கம் தள்ளும், அது அந்தப் பக்கம் தள்ளும். முழுத் தகடு சமதளம், எல்லா வெளிச்சத்தையும் ஒரே பக்கம் சேர்த்து அனுப்பும், அதனால் முகம் சிதறாமல் வரும். மாவில் முகமும் சிதறிவிடும், வெள்ளை மட்டும் மிஞ்சும். உப்பும் அப்படித்தான். இவ்வளவையும் நான் சொன்னேன். பாதிப் பிள்ளைகள் பாட்டிலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போது டீச்சர் சொன்னார்: “காலைல பிரேயர்ல எல்லாரும் ஒரே பக்கம் பாத்து நிப்பீகள்ல, அது கண்ணாடி. சாயங்காலம் மணி அடிச்சதும் ஆளுக்கு ஒரு பக்கம் ஓடுறீகள்ல, அது உப்பு.”

உடனே புரிந்துகொண்டார்கள். புரிந்த சத்தம் கூரையைத் தூக்கியது. அந்த உவமை டீச்சருடையது, என்னுடையது இல்லை. அடுத்தவர் பங்கை எடுத்துப் போட்டுக்கொள்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. அதனால்தான் என் பங்கையும் கேட்கிறேன்.

அந்தச் சுவர் உப்பாக இருந்திருந்தால் தேவலை என்று சொன்னது நான். சுண்ணாம்பு என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்தது. யார் முதலில் என்றால் நான்தான் முதலில். உப்புக்குப் பிறகுதானே சுண்ணாம்பு?

கண்ணாடியை இறக்கினோம். பஞ்சாயத்தில் சுண்ணாம்பு கொடுத்தார்கள். உப்பளம் விட்டு வந்த தாய்மார்களே சாயங்காலத்தில் வெள்ளையடிக்கிற மட்டை பிடித்துச் சுவரில் அடித்தார்கள். காய்ந்த பிறகு போய்ப் பார்த்தேன். வெயில் அதே இடத்தில்தான் விழுந்தது, சுவரின் மேல்பாதியில். ஆனால் அறைக்குள் பாயும் இல்லை, வட்டமும் இல்லை. பெஞ்சுக்கு அடியில் உருண்டுகிடந்த பென்சில் தெரிந்தது. மூலையில் உட்கார்ந்த பிள்ளையின் நோட்டில் எழுத்துத் தெரிந்தது. எங்கிருந்து வருகிறது என்று விரல் நீட்டிக் காட்ட முடியாத வெளிச்சம். எல்லார் மேலேயும் ஒரே மாதிரிப் படிந்திருந்தது. மத்தியானத்துக்கு மேல் கொஞ்சம் குறைகிறது, அதற்குள் சின்னதுகள் சாப்பிட்டுத் தூங்கிவிடும்.

அதிகாரி வந்தார். அந்தப் பல் விழுந்தவளை மூலை பெஞ்சில் உட்காரவைத்தே படிக்கச் சொன்னார். படித்தாள். வகுப்பு அங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு அன்று ராத்திரி முட்டி வலிக்கவில்லை.

மறுவாரம் பெயிண்டரைக் கூட்டிக்கொண்டு போனேன். வெள்ளைச் சுவரில் ஓரமாக ஒரு வரியில் என் பேர், கறுப்பில். டீச்சர் ஏணியில் கை வைத்து நிறுத்தினார்.

“கறுப்பு வெளிச்சத்தத் தின்னுரும்னு பிள்ளைகளுக்கு நீங்கதான சொன்னீக?”

ஒரு வரி எவ்வளவு தின்றுவிடும் என்று கேட்டேன். உங்களுக்கு ஒரு வரி போட்டால் பஞ்சாயத்துக்கு ஒரு வரி கேட்பார்கள், மட்டை பிடித்தவர்கள் கேட்பார்கள், கடைசியில் சுவர் பழையபடி கறுத்துவிடும் என்றார். நான் சொல்லிக் கொடுத்ததை எனக்கே திருப்பிவிட்டார், கேரம் காய் மாதிரி. பெயிண்டரோடு திரும்பி வந்தேன்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். பள்ளி ஆண்டு விழாவில் நடந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. முன்வரிசையில் எனக்கு நாற்காலி போட்டு, துண்டும் போர்த்தினார்கள். டீச்சர் மைக்கில் பிரேயர், மணி, உப்பு, சுண்ணாம்பு எல்லாம் சொன்னார். கடைசியில், “இத நாங்களே கண்டுபிடிச்சோம்,” என்றார். நாங்கள் என்றால் அவரும் பிள்ளைகளும். எதிரே உட்கார்ந்திருக்கிறவன் அதில் இல்லை. நாம் என்று சொல்லியிருந்தால் நானும் உள்ளே வந்திருப்பேன். நாக்கைக் கொஞ்சம் மடக்கினால் போதும், செலவு ஒன்றும் இல்லை.

வீட்டுக்காரியிடம் சொன்னேன். பிள்ளைகள் அங்கேயே படிக்கிறார்கள் அல்லவா, அது போதாதா என்றாள். போதும். ஆனாலும் போதவில்லை. இறக்கிய கண்ணாடி வராண்டாவில் தொங்குகிறது, பிள்ளைகள் அதைப் பார்த்துத் தலை சீவுகிறார்கள். முகத்தை மறைக்கிறது என்று என் பேரில் பாதியைச் சுரண்டிவிட்டார்கள்.

அந்தக் கண்ணாடி தோற்றுப்போகாமல் இருந்திருந்தால் யாரும் உப்பைத் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். தோற்ற கண்ணாடி என்னுடையது. வீங்கிய முட்டி என்னுடையது. பாட்டிலில் போன மாவு என் கடைச் சக்கரத்தில் விழுந்தது. அதனால் கேட்கிறேன். அந்தக் கட்டடத்துக்கு ஒரு மறுபக்கம் இருக்கிறது, கருவேலங்காட்டைப் பார்த்த பக்கம். அங்கிருந்து பள்ளிக்கூடத்துக்கு ஒரு பொட்டு வெளிச்சமும் வரவில்லை, எவ்வளவு கறுப்பு அடித்தாலும் பிள்ளைகளுக்கு நஷ்டம் இல்லை. அந்தப் பக்கம் ஆடுதான் மேயும், யார் படிப்பார்கள் என்கிறாள் வீட்டுக்காரி. ஆடு படிக்கட்டும். கண்ணாடி கொடுத்தவர், உப்பைச் சொன்னவர் என்று போட்டு, என் பேரை இனிஷியலோடு, திரும்பி நிற்காமல் நேராக எழுத வேண்டும். அடுத்த ஆண்டு விழாவில் டீச்சர் நாம் என்று சொல்ல வேண்டும்.